கதை சொன்னவர் எங்கே?

“என்ன இருந்தாலும் புத்தகம் மாதிரி வராது.” கல்கியின் நாவலை வைத்து மணிரத்னம் எடுத்த ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் 2022 செப்டம்பர் கடைசியில் வந்தது, இரண்டாம் பாகம் அடுத்த ஏப்ரலில் வந்தது. அன்றிலிருந்து இந்த வாக்கியத்தைக் கேட்காத இடம் இல்லை. கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்த வரிசையில், முன்பின் தெரியாத இரண்டு பெண்மணிகள் இதைச் சொல்லித்தான் சிநேகிதமானார்கள். இவர்கள் யாரும் விமர்சகர்கள் இல்லை. வருடத்துக்கு நாலைந்து படம் பார்ப்பவர்கள், பார்த்ததை யாரிடமாவது சொன்னால்தான் பார்த்த திருப்தி வரும் என்கிற ரகம். நானும் அந்த ரகம்தான், அதனால் அவர்கள் பேச்சை நான் எப்போதும் காது கொடுத்துக் கேட்பேன்.

இந்த வாக்கியம் மட்டும் எனக்குள் செரிக்காமலே கிடந்தது. சொல்கிறவர்களின் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிகிறது. ஆனால் “சரி, என்ன குறை?” என்று கேட்டால் வருகிற பதில்கள் அந்த வருத்தத்தின் அளவுக்கு இல்லை. மணிமேகலையைக் காணோம் என்பார்கள். உண்மை, கந்தமாறனின் தங்கை படத்தில் இல்லவே இல்லை. கதாநாயகன் வந்தியத்தேவனைக் காப்பாற்றுவதற்காகக் கொலைப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட பெண், கடைசியில் அவன் மடியில் உயிரை விட்ட பெண், அவளை எப்படி விடலாம் என்பார்கள். சேந்தன் அமுதன்தான் நிஜமான மதுராந்தகன் என்று நாவலில் வெளிப்படும் இடம் போய்விட்டது, படத்தில் ரகுமான் நடித்த மதுராந்தகனுக்கே முடிசூட்டிவிட்டார்கள் என்பார்கள். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வர வேண்டிய வந்தியத்தேவனைப் போர்க்களத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள் என்பார்கள். எல்லாம் சரி. ஆனால் ஐந்து பாகங்களாக, 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் வந்த தொடரை இரண்டே படங்களில், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்துக்குள், அடக்க வேண்டும் என்றால் சிலரை விட்டுத்தான் ஆக வேண்டும். இது அவர்களுக்கும் தெரியும். “அதெல்லாம் புரியுது, ஆனாலும்…” என்று இழுப்பார்கள். அந்த ‘ஆனாலும்’ எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் குடைச்சல்.

ஏனென்றால், இதைவிடப் பெரிய மாற்றங்களை நம் ஜனங்கள் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பூமணியின் ‘வெக்கை’ 1982-ல் வந்த நாவல். கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரியும் சிதம்பரம் என்ற பையனோடு ஒட்டியே அந்தக் கதை நகரும். வெற்றிமாறன் 2019-ல் அதை ‘அசுரன்’ ஆக்கியபோது நடுநாயகமாக நின்றது அப்பா. அந்த அப்பாவுக்கு நாவலில் இல்லாத ஒரு முன்கதை வந்தது, பஞ்சமி நிலம் வந்தது, குடிசைகளுக்குத் தீ வைக்கும் காட்சி வந்தது. கதையின் அச்சே மாறிவிட்டது என்று சொன்னாலும் தப்பில்லை. திரையரங்கிலிருந்து வெளியே வந்த கூட்டத்தில் யாரும் “புத்தகம் மாதிரி இல்லையே” என்று புலம்பி நான் கேட்கவில்லை. ‘வெக்கை’யைப் படித்தவர்கள் குறைவு என்று ஒரு சமாதானம் சொல்லலாம், அதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் அதைப் படித்த என் நண்பர்களும் இரண்டையும் தனித்தனியாக ரசித்தார்களே தவிர, எதையோ பறிகொடுத்த மாதிரி யாரும் பேசவில்லை. பொன்னியின் செல்வன் விஷயத்தில் மட்டும் பறிகொடுத்தது போன்ற ஒரு குரல். அது கதையைப் பற்றியதாக இருக்க முடியாது என்று எனக்கு முதலிலேயே பட்டது.

பெரியம்மாவின் பைண்டு புத்தகம்

கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியம்மாதான் எங்கள் குடும்பத்தில் பொன்னியின் செல்வனுக்கு அத்தாரிட்டி. அவர் படித்தது கடையில் வாங்கிய ஐந்து பாகங்கள் இல்லை. கல்கி பத்திரிகை அந்தத் தொடரைத் திரும்பத் திரும்ப வெளியிட்டது. அப்படி ஒரு தடவை வந்தபோது வாரா வாரம் கத்தரித்துச் சேர்த்து, நூல் போட்டு, காலிகோ அட்டையில் பைண்டு பண்ணி வைத்ததுதான் இன்றைக்கும் அவர் பீரோவில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் புரட்டுவது ஒரு தனி அனுபவம். அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் பின்பக்கத்தில் வேறு யாரோ எழுதிய தொடரின் நடுப்பகுதி இருக்கும், இல்லாவிட்டால் ஒரு கூந்தல் தைல விளம்பரம் இருக்கும், ஒரு துணுக்கு பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். ஓரங்கள் பொடிந்து, தொட்டால் விரலில் பழுப்பு ஒட்டும். சில அத்தியாயங்களில் காப்பி டம்ளரின் வட்டம் பதிந்திருக்கிறது. பத்திரிகை வீட்டுக்கு வந்த சாயங்காலம் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் அடுப்படி வேலையைச் செய்துகொண்டே கேட்பார்களாம். அதனால் பெரியம்மாவுக்குப் பாதி நாவல் கண்ணால் படித்தது, பாதி காதால் கேட்டது.

எதிர்முனையில் என் அக்கா மகள். சென்னையில் ஐடி வேலை. நாவலில் ஒரு பக்கம் கூடப் படித்ததில்லை, படிக்கும் உத்தேசமும் கிடையாது, அதை ஒளிக்கவும் மாட்டாள். முதல் பாகம் பார்த்தபோது இடைவேளையில் அவள் கேட்ட கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “மாமா, பெரிய பழுவேட்டரையர் யாரு, சின்ன பழுவேட்டரையர் யாரு, இவங்க ரெண்டு பேரும் ராஜாவுக்கு என்ன வேணும்? எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லிப் பேசறாங்க, யாரு யாருன்னே தெரியல.” படிக்காமல் போய் உட்கார்ந்த பலருக்கும் அந்தப் படத்தின் முதல் ஒரு மணி நேரம் அப்படித்தான் கழிந்தது. ஆனால் அவளுக்குப் படம் பிடித்திருந்தது. குந்தவையும் நந்தினியும் தஞ்சை அரண்மனையில் எதிரெதிரே வரும் காட்சியைப் பற்றி அவள் வீடு வரும்வரை பேசினாள். இரண்டு பேரும் குரலை உயர்த்தாமலே ஒருவரையொருவர் அளந்து பார்ப்பதை அவள் சொன்ன விதத்தில், எனக்கே அந்தக் காட்சி இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துப்போனது. படிக்காதவர்களுக்குக் கருத்துச் சொல்லத் தகுதி இல்லை என்று நம்மில் சிலர் நினைப்பது எனக்குச் சம்மதமே இல்லை. டிக்கெட் வாங்கியவருக்குப் படத்தைப் பற்றிச் சொல்ல எல்லா உரிமையும் உண்டு. படிக்காதவர் கண்ணில் படுவது பல சமயம் படித்தவர் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அப்படித்தான் நடந்தது. இரண்டாம் பாகம் பார்த்த பிறகு நாங்கள் எல்லோரும் கும்பகோணத்தில் கூடியிருந்தோம். ராத்திரி சாப்பாடு முடிந்து, பெரியம்மா வழக்கமான குறைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். மணிமேகலை, சேந்தன் அமுதன், பூங்குழலிக்குக் கொடுத்தது போதாது, இப்படி. அக்கா மகளுக்குப் பொறுமை போய்விட்டது. “சரி பாட்டி, மணிமேகலையும் படத்துல வந்துட்டான்னு வெச்சுக்கோ. அப்போ உனக்குப் படம் பிடிச்சிருக்குமா?” பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் பொய் சொல்லத் தெரியாதவர். “இல்லடி. அப்பவும் ஏதோ ஒண்ணு இல்லாத மாதிரிதான் இருந்திருக்கும்” என்றார். அப்புறம் எழுந்து போய், அந்தப் பைண்டு புத்தகத்தை எடுத்து வந்து, முதல் அத்தியாயத்தை உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

அந்த ஆரம்பம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கால வெள்ளத்தில் ஒரு கற்பனை ஓடத்தில் ஏறி வரும்படி கல்கி நம்மை அழைப்பார். வினாடிக்கு ஒரு நூற்றாண்டு வீதம் பின்னால் போய், எழுதிய நாளிலிருந்து 982 ஆண்டுகளுக்கு முந்திய காலத்தில் இறங்குவோம் என்பார். ஏரி எங்கே இருக்கிறது, தில்லையிலிருந்து எத்தனை காதம், அதற்கு எழுபத்து நான்கு கணவாய்கள் என்று சாவகாசமாகச் சொல்லிக்கொண்டு போவார். பெரியம்மா படிக்கிற தினுசும் அலாதி. எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவர் சிறு வயதில் கேட்ட குரலின்படியே வரும் போலிருக்கிறது. அக்கா மகள் கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் தாண்டியதும் குறுக்கிட்டாள். “இரு பாட்டி. நடுவுல நம்மகிட்டப் பேசறாரே, அவரு யாரு?”

“கல்கிதான். வேற யாரு?”

“அப்போ படத்துல இவரு இல்லையே.”

பெரியம்மா புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். நானும்தான். எழுபது வருடங்களாக இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகத் தூக்கிச் சுமப்பவர்கள் சொல்ல முடியாமல் ‘ஆனாலும்’ என்று இழுத்ததை, ஒரு பக்கம் மட்டும் காதால் கேட்டவள் சொல்லிவிட்டாள்.

கூடவே வருபவர்

அன்றிலிருந்து நாவலை மறுபடி எடுத்து, அவர் பேசும் இடங்களாகப் பார்த்துப் படித்தேன். எவ்வளவு பேசுகிறார்! வந்தியத்தேவனை ஓர் இக்கட்டில் மாட்டிவிட்டு, அவன் அங்கேயே இருக்கட்டும், அதற்குள் நாம் வேறோர் இடத்தில் நடப்பதைப் பார்த்து வருவோம் என்று நம்மைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஒரு பாத்திரத்தைப் பல அத்தியாயங்கள் கழித்துத் திரும்பக் கொண்டுவரும்போது, இவரை முன்பு இன்ன இடத்தில் சந்தித்தோம் என்று நினைவுபடுத்துவார். சரித்திரத்தில் உள்ளது எது, தன் கற்பனை எது என்பதற்கு அங்கங்கே சாசனங்களைக் காட்டுவார். இவ்வளவும் போக, கதை முடிந்ததும் ஒரு முடிவுரை. திடீரென்று முடித்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டதைச் சொல்லி, யார் யார் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று உட்கார்ந்து பதில் சொல்கிறார். 1954-லும் ஜனங்களுக்குத் திருப்தி இல்லை. அன்றைக்கும் “இப்படி முடித்திருக்கலாமே” என்று சொல்லியிருக்கிறார்கள், எழுதியவரும் அதற்குக் காது கொடுத்திருக்கிறார். எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இது வெறும் எழுத்து நடை என்று ஒதுக்க முடியாது. தொடர்கதை என்கிற வடிவம் அப்படி ஒருவரைக் கேட்கிறது. ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவில் வாசகருக்கு ஆயிரம் வேலை. போன வாரம் யார் எங்கே நின்றார்கள் என்று நினைவுபடுத்த ஆள் வேண்டும். நாவலில் இருக்கும் பெயர்களையும் உறவுகளையும் பட்டங்களையும் நினைத்துப் பாருங்கள். அநிருத்த பிரம்மராயர், பூதி விக்கிரம கேசரி, செம்பியன் மாதேவி, மலையமான், சம்புவரையர் என்று நீளும் பட்டியலில், சாதாரணக் கூட்டம் ஒன்று நாலு வருடம் வழி தவறாமல் நடந்திருக்கிறது என்றால் கையைப் பிடித்துக் கூட்டிப் போக ஒருவர் இருந்ததால்தான். படத்தின் முதல் பாகத்தில் அக்கா மகள் முழித்ததற்கும் இதுதான் காரணம். பெயர்கள் அப்படியே இருந்தன, அறிமுகம் செய்து வைப்பவர் மட்டும் இல்லை.

இப்போது யோசித்தால், அன்றைக்குத் தியேட்டரில் அவர் வேறு உருவத்தில் இருந்தார் என்று தோன்றுகிறது. எங்களுக்கு முன் வரிசையில் ஓர் அம்மாள், பக்கத்தில் இருந்த தன் பேரனிடம் விடாமல் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார். “இவன்தான் ஆழ்வார்க்கடியான், ஒற்றன். வைஷ்ணவன். இவனை நம்பலாம்.” “அந்த ரவிதாஸன் பாண்டிய நாட்டு ஆபத்துதவி, அவனை மறந்துடாதே.” பின்னாலிருந்து யாரோ ‘ஷ்ஷ்’ என்றார்கள். கொஞ்சம் தள்ளி இன்னொரு வரிசையிலும் இதே முணுமுணுப்பு. அப்போது எனக்கும் தொந்தரவாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். திரையில் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்து, கல்கி செய்த வேலையை அவர்கள் செய்தார்கள். அந்தக் கதையோடு ஒருவர் கூடவே பேசிக்கொண்டு வர வேண்டும் என்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியிருக்கிறது.

மணிரத்னத்துக்கு இது தெரியாமல் இல்லை. முதல் பாகத்தின் ஆரம்பத்தில் கமல்ஹாசன் குரல் வருகிறதே, சோழ நாட்டையும் வால்நட்சத்திரத்தையும் சொல்லி நம்மை உள்ளே அழைக்கிறதே, அது கல்கிக்கு வைத்த ஒரு வணக்கம். ஆனால் வாசலில் வரவேற்றுவிட்டு அந்தக் குரல் விலகிவிடுகிறது. மணிரத்னத்துடன் திரைக்கதையில் உழைத்தவர்கள் ஜெயமோகனும் இளங்கோ குமரவேலும். குமரவேல் 1999-ல் மேஜிக் லாந்தர்ன் குழுவுக்காக இதே நாவலை மேடை நாடகமாக ஆக்கியவர். நாவலைத் தலைகீழாகத் தெரிந்தவர்கள் சேர்ந்து, தெரிந்தேதான் அந்தக் குரலை விட்டிருக்கிறார்கள். ஏன் என்று யோசித்தபோது, எனக்குப் படத்தின் மேல் இருந்த மரியாதை கூடியது.

கல்கி பக்கத்தில் இருக்கும்வரை நமக்குப் பயம் கிடையாது. எவ்வளவு இருட்டான சுரங்கப்பாதையாக இருந்தாலும் கூட ஒருவர் பேசிக்கொண்டு வருகிறார். வந்தியத்தேவன் கத்திக்குத் தப்பிவிடுவான் என்று அந்தக் குரலின் தொனியிலேயே தெரியும். படம் எடுத்துக்கொண்ட கதையோ வந்தியத்தேவனின் சாகசத்தைவிட, பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனும் நந்தினியும் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ளும் கதை. நாவலில் கரிகாலனே வாய்விட்டுச் சொல்லும் பழைய காதலை, இரண்டாம் பாகம் எடுத்த எடுப்பிலேயே இள வயதுக் காட்சிகளாகக் கண் முன்னால் காட்டுகிறது. அப்புறம் கடம்பூர் மாளிகையில் கரிகாலன் சாகும் அந்த இரவு. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் மட்டும், குறைந்த வெளிச்சம், சாவை எதிர்பார்த்தே வந்திருக்கிற ஒருவன். நாவலில் அந்தக் கொலை யார் கையால் நடந்தது என்பதைக் கல்கி கடைசிவரை மூடி வைத்திருந்தார். படம் அந்த மூடலை விட்டுவிட்டு, இருவரின் முகத்தையும் பார்க்கச் சொல்கிறது. அந்த அறையில் மூன்றாவதாக ஒருவர் நின்று, “நேயர்களே” என்று கூப்பிட்டால் எல்லாம் பாழ். அங்கே இருவரும் தனியாக இருக்க வேண்டும், பார்க்கிற நாமும் தனியாக இருக்க வேண்டும். ரவிவர்மனின் ஒளிப்பதிவு அதைத்தான் செய்கிறது. நான் இரண்டு பாகங்களிலும் சேர்த்து மிக உயர்வாக நினைக்கும் இடம் அது. நாவலில் அதற்கு ஈடான தனிமை எங்கேயும் எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால் பெரியம்மாவின் வருத்தமும் நிஜம், படத்தின் தேர்வும் சரி என்றுதான் சொல்வேன். ‘வெக்கை’ விஷயத்தில் யாரும் பறிகொடுத்தது போல் பேசாததற்கும் எனக்கு இதில் பதில் கிடைத்தது. பூமணி நம்மிடம் பேசுவதே இல்லை. முள்ளையும் வெயிலையும் பசியையும் காட்டிவிட்டு விலகி நிற்கிறார். அங்கிருந்து சினிமாவுக்குப் போகும்போது வாசகரின் பக்கத்திலிருந்து எழுந்து போக யாரும் இல்லை.

எம்.ஜி.ஆர். இந்த நாவலை எடுக்க ஆசைப்பட்டதும், அவருக்காக மகேந்திரன் திரைக்கதை எழுதியதும், அது படமாகாமலே நின்றுபோனதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தத் திரைக்கதையில் கல்கியின் குரலுக்கு இடம் இருந்திருக்குமா என்று எனக்கு இப்போது ஓர் ஏக்கம். பின்னாளில் ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’ என்று எழுத்திலிருந்து படம் எடுத்தபோது வசனத்தைக் குறைத்து முகங்களைப் பேச விட்ட மனிதர் அவர். அவரும் விட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

கட்டியங்காரன்

என் ஆசை வேறு. இந்த நாவலை இன்னொருவர், இன்னொரு காலத்தில், வேறு விதமாக எடுக்கட்டும். அதில் கதை சொல்பவர் திரையில் ஓர் ஆளாக வரட்டும். நமக்கு அது புதிதும் இல்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? ராஜா வருகிறார் என்று அறிவிக்கிறான், அந்த ராஜாவிடமே “நீ யாரப்பா?” என்று கேட்கிறான், கூட்டத்தைப் பார்த்து நக்கலடிக்கிறான், துரியோதனன் அழும்போது ஒதுங்கி நிற்கிறான். விடிய விடிய ஆயிரம் பேரை உட்கார வைத்த உத்தி அது. ஆழ்வார்க்கடியான் நம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஊரிலும் இருக்கிறான், எல்லாச் சுவருக்குப் பின்னாலும் காதை வைக்கிறான், வாயைத் திறந்தால் வம்பு. ஜெயராம் அந்த வேடத்தை எவ்வளவு ருசித்துச் செய்தார் என்று பார்த்தோமே. அவன் அப்படியே திரும்பி நம்மிடம் பேச ஆரம்பித்தால்? வந்தியத்தேவனைச் சிறையில் விட்டுவிட்டு, “இவன் இங்கேயே கிடக்கட்டும், வாருங்கள், பழையாறை வரை போய் வருவோம்” என்று நம்மைக் கூப்பிட்டால்? கடம்பூர் அறையின் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கே மட்டும் வாயை மூடிக்கொண்டால்?

இதைச் சொன்னதும் பெரியம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாகேஷ் இருந்திருந்தால் அவரைப் போட்டிருக்கலாம் என்றார், குடுமியோடு அவர் எப்படி நிற்பார் என்று நடித்தே காட்டினார். அக்கா மகளுக்கு யோசனை சுத்தமாகப் பிடிக்கவில்லை. “புக்கில ஓகே மாமா. படத்துல ஒருத்தர் நடுநடுவே திரும்பிப் பேசினா எனக்குக் கதையே ஒட்டாது. நந்தினி கண்ணைப் பார்த்துட்டு இருக்கும்போது யாரும் எனக்கு எதுவும் சொல்லக் கூடாது.” நந்தினி வரும் இடங்களில் அவன் பேச மாட்டான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் எந்தெந்த இடத்தில் பேசுவான், பட்டியல் போடுங்கள் என்றாள். பெரியம்மா பைண்டு புத்தகத்தை மறுபடி திறந்தார். முதல் பாகமான ‘புது வெள்ளம்’ தாண்டவில்லை, அதற்குள் வீரநாராயணபுரத்தில் நடக்கும் சைவ வைணவச் சண்டையில் கட்டியங்காரன் பேசலாமா கூடாதா என்பதில் இரண்டு பேருக்கும் பிடிவாதம் முற்றிவிட்டது.